தமிழில் எழுதினால் ஒருவருக்கும் தெரியாது

இத்தாலியில் பலேர்மோ நகரத்துக்கு வெளியே, ஸ்ஃபெர்ராகவால்லோ என்ற கடலோர ஊரில் தனியாக இருக்கும் ஜப்பானியப் பெண்மணி ஒருவருக்கு வீட்டு வேலைக்கு ஆள் தேவை என்று எங்கள் கோவிலுக்கு வருகிற ஒருவர் சொன்னார். நகரத்திலிருந்து அங்கே போக நிறைய நேரம் பஸ்ஸில் இருக்க வேண்டும். அந்த நாட்களில் எனக்கு வேறு இடத்தில் வேலை குறைந்திருந்தது. சரி, போய்ப் பார்ப்போம் என்று போனேன். இப்போதும் வாரத்தில் மூன்று காலை அந்த வீட்டுக்குத்தான் போகிறேன்.

கடலிலிருந்து இரண்டாவது தெருவில், மீன் உணவகம் ஒன்றின் பின்பக்கமாக இருக்கிறது வீடு. இங்கே பெண்களை மரியாதையாகக் கூப்பிடுவதுபோல அவரை நான் சிஞ்ஞோரா என்றுதான் கூப்பிடுவேன்; வயது எண்பதைத் தாண்டிப் பல வருடங்கள். ஒல்லியான ஆள், நிமிர்ந்த நடை. கணவர் பலேர்மோக்காரர், கப்பலில் மின்சார வேலை செய்தவர், இறந்துவிட்டார். ஒரே மகள், பள்ளிக்கூட ஆசிரியை, நகரத்தில் இருக்கிறார், ஞாயிறு தோறும் வந்து போவார். அந்த ஊர் மீனவர்களுக்கு சிஞ்ஞோரா இன்னும் 'ஜப்பான்காரி'தான். ஆனால் மீன் பழசாக இருந்தால் அவர்களுடைய சிசிலிப் பேச்சிலேயே அவர்களை உண்டு இல்லையென்று ஆக்கிவிடுவார்.

எனக்கும் அவருக்கும் பேச இருந்தது இத்தாலிய மொழி மட்டும். இருவருமே வளர்ந்த பிறகு, வேலைக்கும் கடைக்குமாகக் கற்றுக்கொண்டது. அவர் சொன்னவற்றை இங்கே எங்கள் யாழ்ப்பாணப் பேச்சில் எழுதுகிறேன். அப்படித்தான் அவை என் காதில் விழுந்தன.

நான் போகத் தொடங்கி இரண்டாம் வருடம், ஒரு மழை நாளில் வாசற்படியில் வழுக்கி விழுந்து அவருக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டுப் போட்டிருந்ததால் குளிக்க வார்ப்பதும் என் வேலையாயிற்று. முதல் நாள் முதுகுக்குத் தண்ணீர் ஊற்றும்போதுதான் கண்டேன். பிடரியிலிருந்து தோள்பட்டைக்குக் கீழ்வரை சின்னச் சின்ன வெள்ளைத் தழும்புகள், அரிசி சிந்தினாற்போல. நான் ஒன்றும் கேட்கவில்லை. அவர்தான் என் காலிலிருந்த தழும்பைப் பார்த்துக் கேட்டார். தண்ணீர் படாமல் இருக்கக் காற்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டிருந்தேன்.

"அது என்ன, நெருப்புச் சுட்டதோ?"

"இல்லை, சிஞ்ஞோரா. ஷெல் துண்டு. ஊரிலை சண்டை நடந்த நேரம்."

"அப்ப உமக்கு எத்தினை வயசு?"

"பதினாறு."

"எனக்கு ஏழு" என்றார். "என்ரை முதுகிலை இருக்கிறது கண்ணாடி. ரயில் யன்னல் உடைஞ்சு வெட்டினது எண்டு மகளுக்குச் சொல்லி வைச்சிருக்கிறன். நான் கோபேயிலை பிறந்தனான் எண்டுதான் அவள் நினைச்சுக்கொண்டிருக்கிறாள். நான் பிறந்தது ஹிரோஷிமாவிலை."

துவாயை எடுத்துக் கொடுத்தேன்.

நான் இங்கே வருவதற்கு முன் யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையில் வேலை செய்தேன். அச்சுப்பிழை பார்க்கும் ஒப்புநோக்குநராகச் சேர்ந்து, பிறகு செய்தி எடுக்கவும் போனேன். இடம்பெயர்ந்து பள்ளிக்கூடங்களில் தங்கியிருந்த சனங்களிடம் போய்க் கேட்டு எழுதுவதுதான் பெரும்பாலும். கல்யாணமாகி பலேர்மோவுக்கு வந்த பிறகு எழுத்து அடிக்கடி இல்லை. பாரிஸிலிருந்து வரும் ஒரு தமிழ்ச் சஞ்சிகைக்கு எப்போதாவது ஒன்று எழுதி அனுப்புவேன். இந்த விஷயம் சிஞ்ஞோராவுக்குத் தெரிய வந்தது தற்செயலாக. சஞ்சிகையைப் பஸ்ஸில் வாசிக்கக் கொண்டுபோய் அவருடைய சமையலறை மேசையில் வைத்திருந்தேன். அவர் பக்கங்களைப் புரட்டி எழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதில் நானும் எழுதுவேன் என்று சொன்னேன்.

"இதை ஆர் வாசிக்கிறது?"

"எங்கடை ஆக்கள். பாரிஸிலை, லண்டனிலை, இஞ்சையும் கொஞ்சப் பேர்."

"இத்தாலிக்காரர் ஆருக்கும் இந்த எழுத்துத் தெரியுமோ?"

"தெரியாது."

அவர் சஞ்சிகையை மூடி வைத்தார். அடுத்த வாரம் நான் போய் மேலங்கியைக் கழற்றுவதற்கு முன்பே சொன்னார்:

"நான் யோசிச்சுப் பாத்தன். என்ரை கதையை நீர் எழுதும். உங்கடை பாஷையிலை மட்டும் எழுதும். ஒருக்கா எங்கையாவது எழுத்திலை கிடக்க வேணும். மகள் வாசிக்கக் கூடாது."

குரலைப் போனில் பதியலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். படமும் வேண்டாம், பெயரும் வேண்டாம். எழுதியதை அனுப்ப முன் அவருக்கு இத்தாலிய மொழியில் சொல்லிக் காட்ட வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அவர் சொன்னார். வேலை ஒரு பக்கம் நடந்துகொண்டிருக்கும். நான் நெத்தலி துப்பரவாக்குவேன், அவர் கட்டவிழ்த்த கையால் பட்டாணி உரிப்பார். ஊரில் இடம்பெயர்ந்தோர் முகாம்களில் செய்தி எடுத்தபோது நான் கற்றுக்கொண்ட ஒரு விஷயம், மனது எப்படி இருந்தது என்று யாரிடமும் கேட்கக் கூடாது. அன்றைக்கு என்ன சமைத்தீர்கள், யார் எதைத் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று கேட்டால் மிச்சம் தானாக வரும். அவரிடமும் அப்படித்தான் கேட்டேன்.

அன்று காலை வீட்டில் இருந்தது பூசணிக்காய் என்றார். போர்க்காலம், அரிசி இல்லை. அவித்த பூசணியில் பெரிய துண்டை அம்மா அக்காவுக்கு வைத்தார். அக்காவுக்குப் பதின்மூன்று வயது. அந்த வயதுப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிக்கொண்டுபோய், நெருப்புப் பரவாமல் இருக்க நகர நடுவில் வீடுகளை இடித்து ஒதுக்கும் வேலையில் விட்டிருந்தார்கள். அக்கா போய்விட்டார். பெரிய துண்டு தனக்குக் கிடைக்காத கோபத்தில் இவர் வீட்டுக்குப் பின்னால், சாமான் அறைச் சுவரோடு போய்க் குந்திக்கொண்டார். அம்மா கூப்பிட்டும் வரவில்லை. பிறகு வெளிச்சம். பிறகு சுவர் இவர்மேல் சாய்ந்தது. அதன் யன்னல் கண்ணாடிதான் முதுகில்.

"சத்தம் கேட்டதோ, சிஞ்ஞோரா?"

"எனக்குச் சத்தம் ஞாபகமில்லை. அம்மா என்னை இழுத்தெடுத்தது ஞாபகம். அவவின்ரை ஒரு கை மட்டும்தான் வேலை செய்தது."

மறுநாள் அம்மா இவரையும் கூட்டிக்கொண்டு அக்காவைத் தேடி நகரத்துக்குள் போனார். விட்டுவிட்டுப் போக வீட்டில் வேறு யாரும் இல்லை. அக்காவின் மரச் செருப்புக்கு அம்மா பழைய சிவப்புச் சீலைத்துண்டில் வார் தைத்துப் போட்டிருந்தார். அதைத் தேடச் சொன்னார்.

"அம்மா முகங்களைப் பாத்தா. நான் கால்களைப் பாத்தன். அம்மா அப்பிடித்தான் சொன்னவ, நீ நிமிராதை, காலை மட்டும் பார் எண்டு. அதாலை நான் முகங்களைக் காணேல்லை. ஆக்கள் என்னட்டை, நீ அங்கை என்ன கண்டனி எண்டு கேட்டால், நான் கால்களைத்தான் சொல்லுவன். ஆனால் ஒருத்தரும் கேக்கேல்லை, ஏனெண்டால் நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

பள்ளிக்கூடம், ஆற்றங்கரை, கோவில் முற்றம் என்று ஆட்களைக் கிடத்தியிருந்த இடமெல்லாம் பல நாட்கள் தேடினார்கள். அக்கா கிடைக்கவில்லை. இலையுதிர் காலத்தில் அம்மாவுக்கு முடி கொட்டத் தொடங்கியது, பல் முரசிலிருந்து இரத்தம் வந்தது. குளிர் தொடங்க முன் அம்மாவும் போய்விட்டார். தகப்பன் அதற்கு முன்பே போர்முனையில் இறந்திருந்தார். கோபேயில் இருந்த மாமா வந்து இவரைக் கூட்டிக்கொண்டு போனார்.

எனக்கு அவர் இதையெல்லாம் இரண்டு காலைகளில் சொல்லி முடித்துவிட்டார். மிச்சக் குளிர்காலம் போனது அதற்குப் பிறகு நடந்தவற்றுக்கு. அதைத்தான் அவர் கூடச் சொல்ல விரும்பினார். இருபது வயதில் ஒரு கல்யாணப் பேச்சு வந்தது. மாப்பிள்ளை வீட்டார் விசாரித்தார்கள், பிறந்த ஊர் தெரிந்ததும் ஒரு காரணமும் சொல்லாமல் நிறுத்திவிட்டார்கள். அந்த ஊர்ப் பெண்களுக்குப் பிள்ளைகள் சரியாகப் பிறக்காது என்று சனம் பேசிக்கொண்ட காலம். அடுத்த பேச்சில் ஊரை மறைத்தார்கள், அதுவும் வெளியே வந்தது. அதன்பிறகு மாமி இவரைக் கல்யாண வீடுகளுக்குக் கூட்டிக்கொண்டு போவதையே விட்டுவிட்டார்.

கோபே துறைமுகத்தில், கப்பற்காரரின் உடுப்புத் தைக்கும் கடை ஒன்றில் வேலை செய்தார். பலேர்மோக்காரர் ஒருவர் கிழிந்த மேலங்கியோடு அங்கே வந்தார். ஒவ்வொரு முறை கப்பல் வரும்போதும் ஏதாவது ஒன்றைக் கிழித்துக்கொண்டு வந்தார். கடையில் சுவரில் ஒரு தேசப்படம் இருந்தது. கல்யாணம் செய்வோம் என்று அவர் கேட்டபோது இவர் அந்தப் படத்தில் ஹிரோஷிமாவில் விரலை வைத்து, பிறகு தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

"அவர் கொஞ்ச நேரம் பாத்துக்கொண்டு நிண்டார். பிறகு பலேர்மோவைக் காட்டினார். குண்டு விழுறது மாதிரிக் கையாலை காட்டினார். துறைமுகத்துக்குக் கிட்ட இருந்த அவையின்ரை வீடு அவர் சின்னப் பெடியனாய் இருக்கேக்கை விழுந்தது. அவருக்கு அது வேறை, இது வேறை எண்டு விளங்கேல்லையோ எண்டு நினைச்சன். பிறகு பாஷை வந்தாப்போலை கேட்டன், பிள்ளையள் சுகமாய்ப் பிறக்குமோ தெரியாது, தெரிஞ்சுதான் கேட்டனீரோ எண்டு. ஓம், தெரியும் எண்டார். இஞ்சை ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாம் எண்டு நான்தான் அவரைக் கேட்டன். சாகுமட்டும் அவர் சொல்லேல்லை."

மகள் பிறந்தபோது, ஆணா பெண்ணா என்று பார்க்க முன் கைவிரல்களைப் பார்த்தாராம். பிள்ளை சுகமாக இருந்தது. வளர்ந்தது. நாற்பது வயதில் மகளுக்குக் கழுத்தில் ஒரு கட்டி வந்து, தைரொய்ட் சுரப்பியை எடுத்தார்கள்.

"அது என்னாலை வந்தது" என்றார் சிஞ்ஞோரா. "அதையும் எழுதும். அதுதான் முக்கியம்."

எழுதி முடித்தேன். ஒரு காலை முழுவதும் இருந்து அவருக்கு இத்தாலிய மொழியில் சொல்லிக் காட்டினேன். இரண்டு இடத்தில் திருத்தினார். ஆற்றைப் பற்றி நான் எழுதியிருந்த ஒரு வசனத்தில் தண்ணீர் கறுப்பாக இருந்தது என்று வந்திருந்தது. "நான் தண்ணியைப் பாக்கேல்லை, காலைத்தான் பாத்தன்" என்றார். வெட்டினேன்.

சஞ்சிகை ஆசிரியர் பாரிஸிலிருந்து போன் எடுத்தார். நல்ல கட்டுரை, ஆனால் கடைசியில் எங்கள் நாட்டில் நடந்ததோடு ஒப்பிட்டு ஒரு பந்தி இருந்தால் நல்லது என்றார்.

"அவ ஒப்பிடேல்லை, அண்ணை" என்றேன். "நான் எப்பிடிப் போடுறது?"

"நீங்கள் போடலாம்தானே."

"வேண்டாம். அப்பிடியே போடுங்கோ."

அப்படியே போட்டார். பலேர்மோவுக்குச் சில பிரதிகள்தான் வரும். பழைய நகரத்தில் எங்கள் ஆட்களின் பலசரக்குக் கடை ஒன்றில் வைப்பார்கள். ஆனால் யாரோ பக்கங்களைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள். இரண்டு வாரத்தில் இந்த ஊரிலுள்ள எங்கள் சனம் முக்கால்வாசியும் வாசித்துவிட்டது. கபோ சந்தையில் மரக்கறி வாங்கும்போது எனக்குப் பழக்கமில்லாத ஒரு மன்னார்ப் பெண் வந்து, "அந்த அம்மாவுக்கு எங்கடை கோவிலிலை பூசை ஒப்புக்குடுத்தனான் அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார். சிஞ்ஞோராவிடம் சொன்னேன். சிரித்தார். அவருக்கு அது பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

எங்கள் இருவருக்கும் ஒரு விஷயம் தோன்றவில்லை. இத்தாலிக்காரர் தமிழ் வாசிக்கமாட்டார்கள், உண்மை. ஆனால் இந்த நகரத்தில் இத்தாலிக்காரர் வீடுகளுக்குள்ளும் மாடிப்படிகளிலும் எங்கள் ஆட்கள்தானே நிற்கிறார்கள்.

சிஞ்ஞோராவின் மகள் இருந்த மாடிக் கட்டடத்தில் படிக்கட்டுத் துடைப்பவர் யாழ்ப்பாணத்துக்காரர். மகளுக்குக் கழுத்தில் சத்திரசிகிச்சை நடந்தது அவருக்குத் தெரியும். அம்மா ஜப்பான்காரி, ஸ்ஃபெர்ராகவால்லோவில் இருக்கிறார் என்பதும் தெரியும். ஒருநாள் காலை மகள் வேலைக்கு இறங்கி வரும்போது அவர் வாளியை ஒதுக்கி வைத்துவிட்டு மரியாதையாகக் கேட்டிருக்கிறார், அம்மா எப்படி இருக்கிறார், அணுகுண்டிலிருந்து தப்பின ஆளென்று நாங்கள் எல்லோரும் வாசித்தோம், என் மனைவி அழுதுவிட்டார் என்று.

மகள் அன்று பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. நேரே ஸ்ஃபெர்ராகவால்லோவுக்கு வந்தார். நான் அடுப்படியில் நின்றேன். கதவைத் திறந்து வந்தவர் தாயிடம் போகாமல் என்னிடம் வந்தார்.

"நீங்களோ எழுதினது?"

"ஓம், சிஞ்ஞோரா."

"என்ன எழுதினனீங்கள்?"

நான் தாயைப் பார்த்தேன். அவர் கதிரையில் இருந்தபடி, "வாசிச்சுக் காட்டும்" என்றார்.

"அம்மா, நீங்கள் வாயாலை சொல்லுங்கோ."

"எனக்கு இரண்டாந்தரம் சொல்ல ஏலாது. அவ வாசிக்கட்டும்."

சஞ்சிகை என் பையில் இருந்தது. கையைக் கழுவித் துடைத்துவிட்டு மேசையில் இருந்தேன். தமிழில் ஒரு வசனம் வாசித்துப் பார்ப்பேன், பிறகு அதை இத்தாலிய மொழியில் சொல்வேன். என் இத்தாலிய மொழி கடைக்கும் மருத்துவரிடம் போவதற்கும் போதும். இதற்குப் போதவில்லை. சில சொற்களுக்குத் தடுமாறும்போது தாய் தன் கதிரையிலிருந்து சொல்லைத் தந்தார். அக்காவின் செருப்பு வார் வந்த இடத்தில் மகள் எழுந்துபோய் யன்னலருகில் நின்றார். பிறகு திரும்பி வந்து இருந்தார்.

தைரொய்ட் வந்த இடத்தில் கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"அந்த நேரம் டாக்டர் என்னட்டைக் கேட்டவர்" என்றார் தாயைப் பார்த்து. "குடும்பத்திலை ஏதும் இருக்கோ, தாய்க்கு ஏதும் இருக்கோ எண்டு. நான் உங்களைக் கேட்டனான், அம்மா. ஆஸ்பத்திரிக் கட்டிலிலை இருந்து கேட்டனான்."

"ஓம். இல்லையெண்டு சொன்னன்."

"ஏன்?"

"ஓம் எண்டு சொன்னால் நீ உன்ரை மகனையும் அப்பிடிப் பாக்கத் தொடங்குவாய். நான் உன்னைப் பாத்த மாதிரி. ஒவ்வொரு காய்ச்சலுக்கும்."

மகள் தன் கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கட்டுரையில் இன்னும் இரண்டு பந்தி இருந்தது. நான் சஞ்சிகையை மூடினேன். மத்தியானத்துக்குச் சோறு போட்டுக் கொடுத்தேன், சிஞ்ஞோரா கொஞ்சம் சாப்பிட்டார்.

"உங்கடை ஆக்கள் எல்லா வீட்டிலையும் இருக்கினம்" என்றார். "அதை நான் நினைக்கேல்லை."

"நானும்தான்."

"அந்தப் படிக்கட்டு மனுசனை ஒண்டும் சொல்லாதையும்."

நான் சொல்லவில்லை. அவரே அன்று மாலை எனக்கு போன் எடுத்தார். "அக்கா, நான் நல்ல எண்ணத்திலைதான் கேட்டனான். பிழையாப் போச்சோ?" என்றார். அந்த மகளின் முகம் மாறினதைப் பார்த்துப் பயந்துபோயிருந்தார். உங்களில் கோபமில்லை என்று சொன்னேன். என் கணவர் பக்கத்தில் இருந்து கேட்டுவிட்டு, "இனி அந்த வேலை உனக்கு இருக்குமோ?" என்றார். எனக்கும் அந்தக் கேள்வி இருந்தது.

இரண்டு ஞாயிறு மகள் வரவில்லை. நான் போகும் நாட்களில் தொலைபேசி அடித்தால் சிஞ்ஞோரா என்னை முந்திக்கொண்டு எழும்பினார். மூன்றாவது வாரம், நான் யன்னல் துடைத்துக்கொண்டிருந்த காலை, மகள் வந்தார். என்னையும் இருக்கச் சொன்னார். நீங்கள்தான் எழுதினீர்கள், இதையும் கேளுங்கள் என்றார்.

தனக்குச் சத்திரசிகிச்சை செய்த டாக்டரிடம் போயிருக்கிறார். எல்லாவற்றையும் சொல்லிக் கேட்டிருக்கிறார். டாக்டர் யோசித்துவிட்டுச் சொன்னது, இது இன்னதால்தான் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, குண்டில் அகப்பட்டவர்களின் பிள்ளைகளைப் பல காலமாகப் பார்த்து வருகிறார்கள், தாயிடமிருந்து இப்படி வந்ததென்று இதுவரை ஒருவரும் காட்டவில்லை, எந்தக் குண்டையும் காணாத பெண்களுக்கும் இதே கட்டியை நான் ஒவ்வொரு வாரமும் வெட்டுகிறேன் என்று.

"அப்ப என்னாலை இல்லையோ?" என்று சிஞ்ஞோரா கேட்டார்.

"தெரியாது எண்டார், அம்மா. உங்களாலை எண்டு நினைக்க ஒரு காரணமும் தன்னட்டை இல்லையாம்."

சிஞ்ஞோரா தலையாட்டினார். அவருக்கு அது நிம்மதி தந்ததாக எனக்குத் தெரியவில்லை. இருபது வருடமாக வைத்திருந்த ஒன்றை உடனே இறக்கி வைக்க அவருக்குத் தெரியவில்லை போலிருந்தது. மகள் எழுந்துபோய் தாயின் பின்னால் நின்று, சட்டைக் கழுத்தைக் கொஞ்சம் இழுத்து, பிடரியைப் பார்த்தார். விரலால் தொட்டார்.

"ரயில் யன்னல்" என்றார்.

"ஓம்."

"உங்கடை அக்காவுக்கு என்ன பேர்?"

சிஞ்ஞோரா பெயரைச் சொன்னார். எனக்கு அவர் அதைச் சொன்னதில்லை. நானும் கேட்டிருக்கவில்லை, பெயர்கள் வேண்டாம் என்றுதான் முதல் நாளே பேசியிருந்தோம். மகள் திருப்பிச் சொன்னார். இத்தாலிய நாக்குக்கு அது சரியாக வரவில்லை. சிஞ்ஞோரா திருத்தினார், மகள் மறுபடி சொன்னார், மறுபடி திருத்தினார். நான் எழுந்துபோய் மிச்ச யன்னலைத் துடைத்தேன்.

இப்போது மகள் புதன்கிழமைகளிலும் வருகிறார். சில நாட்களில் இருவரும் சண்டை பிடிக்கிறார்கள். தூர இடத்தில் படிக்கும் பேரனுக்குச் சொல்வதா வேண்டாமா என்பதில் இன்னும் முடிவில்லை. சொல்ல வேண்டும் என்கிறார் மகள், இப்போது வேண்டாம் என்கிறார் தாய். ஜப்பானிய அரசாங்கம் குண்டிலிருந்து தப்பியவர்களுக்குக் கொடுக்கும் மருத்துவ உதவி அட்டைக்கு விண்ணப்பிக்கலாம் என்று மகள் எங்கோ விசாரித்து வந்தார். அதற்கு அன்று அங்கே இருந்ததைத் தெரிந்த சாட்சிகள் வேண்டும். "என்னைத் தெரிஞ்ச ஆர் இப்ப இருக்கினம்?" என்று சிஞ்ஞோரா கேட்டார். அந்தப் பேச்சு அதோடு நின்றது.

நடந்ததை இப்படி எழுதப் போகிறேன் என்று இருவரிடமும் கேட்டேன். தாய் சரி என்றார். மகள் கொஞ்சம் யோசித்துவிட்டு, எழுதி முடித்ததும் அனுப்ப முன் தனக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்றார். வருகிற புதன்கிழமை வாசிக்கப் போகிறேன். அதற்குள் 'பிடரி'க்கும் 'தழும்பு'க்கும் சரியான இத்தாலியச் சொற்களை, இங்கேயே பள்ளிக்கூடம் போகிற என் மகளிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.